ஹிமேனா தொலைத்த பந்துகள்

ஸ்பெயின் நாட்டின் நடுவே, உயர்ந்து வறண்டு கிடக்கும் மேட்டு நிலத்தில், கோதுமையும் கல்லும் தவிர வேறெதையும் தராத தொர்ரேபார்தா என்ற ஊரில், ஹிமேனாவுக்குப் பதினோரு வயதான வருடத்து ஜூலை மாதம், கோல்ஃப் மைதானத்தின் நாலாம் குழியைப் பார்த்து அவள் அடித்த பந்து ஒன்று வலப்பக்கம் கோணிப் போய் முட்புதருக்குள் விழுந்து தொலைந்தது. அவளும் அவள் அப்பா ஃபெர்மினும் குனிந்து குனிந்து தேடி, கிடைக்காமல், வெயில் தாங்காமல் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் அந்தப் புதரடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஆர்ப்பாட்டமாக ஒன்றும் வரவில்லை. ஒரு மனிதனின் மணிக்கட்டு கனத்துக்கு, குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் வந்தது. முதலில் ஆடுகள் கண்டுபிடித்தன, பிறகு நாய்கள், அதற்கும் பிறகு பன்றிப் பண்ணைக்காரன் பாசிலியோ. அவன் மண்டியிட்டு மோந்து பார்த்தான், குடித்தான், தொப்பியைக் கழற்றி நிரப்பிக்கொண்டு போய்த் தன் பெரிய பெண் பன்றிக்குக் கொடுத்தான், அது குடித்துவிட்டு மறுபடி அவனைப் பார்க்கவும் பீப்பாய்களோடு திரும்பி வந்தான். ஊருக்கு அரசாங்கத்தின் தண்ணீர் லாரி செவ்வாயும் வெள்ளியும்தான் வரும். அன்று வியாழக்கிழமை. நின்று ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை.

அந்தக் கோல்ஃப் மைதானத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள் என்று நம்பி முன்பு இருந்த மேயர் ஒருவர் திறந்து வைத்தது. ஒன்பது குழி, ஒரு புல்கூடக் கிடையாது. கொடி நட்ட இடங்களில் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி உருளையால் சமன்படுத்தியிருப்பார்கள். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு சின்னப் பாய்த்துண்டைக் கையோடு எடுத்துப்போய், பந்தை அதன்மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டை கல்லில் பட்டுப் பல்லெல்லாம் கூசும். மணலை உருட்டுவதும் கொடிக்கம்புக்கு வர்ணம் பூசுவதும் ஃபெர்மினின் வேலை. ஆட வருகிறவர்கள் கால்நடை மருத்துவரும் மருந்துக்கடைக்காரரும் மட்டும்தான். ஹிமேனாவின் அம்மா பில்பாவோவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டவள். அதனால் பெண்ணை வீட்டில் தனியே விட முடியாமல் ஃபெர்மின் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மருந்துக்கடைக்காரர் தூக்கிப் போட்ட பழைய மட்டையை வெட்டிக் குட்டையாக்கி அவள் கையில் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒன்பதாம் குழியில் இன்னொரு பந்து தொலைந்து, அங்கேயும் தண்ணீர் வந்தது. அந்த மாதக் கடைசியில் மூன்றாவது. அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. புரிந்த அன்றைக்கே பாசிலியோ இரண்டு கூடை பழைய பந்து வாங்கி வந்து பள்ளத்தாக்கில் கொட்டினான், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஹிமேனாவையே கூப்பிட்டு, "இந்தாம்மா, அந்தப் பக்கம் பாத்து அடி, எங்க போனாலும் பரவாயில்ல" என்றான். அவளும் கை சிவக்கும்வரை அடித்தாள்; அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. வேண்டுமென்றே தொலைத்த பந்தைத் தண்ணீர் மதிப்பதில்லை. நேராகப் போக வேண்டும் என்று அவள் மனதார நினைத்து அடித்து, அது கோணிப் போய், அவள் தேடி, கிடைக்காமல், அந்த வருத்தத்தோடு வீடு திரும்பினால்தான் ஊற்று திறந்தது. திறந்த ஊற்றும் நிரந்தரமில்லை. ஒரு வருடம் ஓடும், சில சமயம் அதற்குக் கொஞ்சம் குறைவாக. பிறகு ஒரு காலையில் வெறும் ஈரமாகி, மறுநாள் அதுவும் இல்லாமல் போகும். ஆகவே ஒரு பந்து போதாது, பத்துப் பந்தும் போதாது, ஹிமேனா வருடா வருடம் தொலைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊர் இதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. மேயர் அர்செனியாம்மா, முன்பு பள்ளிக்கூட ஆசிரியை, எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் நடக்கும் என்று நம்புகிறவர், எந்தக் கிழமை எந்தக் குழியில் ஹிமேனா ஆட வேண்டும், எந்தக் குழியில் பந்து கோணினால் யார் நிலத்தில் விழும் என்றெல்லாம் ஒரு அட்டவணை எழுதி நகராட்சிக் கதவில் ஒட்டினார். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையில் நோயாளிகளுக்கும் பயணம் போகிறவர்களுக்கும் அடுத்தபடியாக, யார் பெயரையும் சொல்லாமல், "கோணலாகப் போகிறவற்றையும் ஆண்டவர் பயனுள்ளதாக்குவாராக" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு ஹிமேனா மைதானத்துக்கு வரும் நேரம் ஜனங்கள் பிளாஸ்டிக் கேன்களோடு வலப்பக்கம் வரிசையாக வந்து நிற்பார்கள், ஏனென்றால் அவள் பந்து கோணினால் வலப்பக்கம்தான் கோணும், பந்து நேராகப் பறந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்தால் "ச்சே" என்று ஒரு பெருமூச்சு வரிசை நெடுகப் போகும், கோணிக்கொண்டு கல்லில் பட்டுத் தெறித்துப் போனால் கைதட்டுவார்கள், "என்ன அழகா திரும்பிச்சு பாத்தியா!" என்பார்கள், அவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், அத்திப்பழம் கொடுப்பார்கள். அவள் தேடும்போது எல்லோரும் கூடவே தேடுவார்கள், ஆனால் யாரும் கீழே பார்க்க மாட்டார்கள்.

கோல்ஃப் என்றால் இதுதான் என்று ஹிமேனா நினைத்திருந்தாள். பதின்மூன்று வயதில் முதல் முறையாக மாகாணப் போட்டிக்குப் போய், புல் என்ற ஒன்றின்மேல் நின்று அவள் அடித்த பந்து நூல் பிடித்த மாதிரி போய் விழுந்தபோது அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள். கேலி செய்கிறார்கள் என்று எண்ணி அவள் அழுதுவிட்டாள். ஃபெர்மின் அவளைத் தனியே கூட்டிப்போய் விளக்க வேண்டியிருந்தது.

"நல்லா அடிச்சேன்னு தட்டுறாங்கம்மா."

"நல்லா அடிச்சா தட்டுவாங்களா?"

"வெளியூர்ல தட்டுவாங்க" என்றார் ஃபெர்மின், வேறெப்படிச் சொல்வதென்று தெரியாமல்.

அந்தப் போட்டியில் அவள் ஜெயித்தாள். கல்லிலும் பாய்த்துண்டிலும் பழகிய கைக்குப் புல் தலையணை மாதிரி இருந்தது. அடுத்த வருடமும் ஜெயித்தாள். வயாதோலித் நகரத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து அவள் இடது மணிக்கட்டை விரலளவு திருப்பிவிட்டுப் போக, அதற்குப் பிறகு பந்து கோணுவது பாதியாகக் குறைந்தது. அந்த மனிதருக்குத் தொர்ரேபார்தாவில் காப்பி கொடுக்க யாரும் இல்லை. பதினாறு வயதில் தேசிய இளையோர் அணியில் சேர்த்தார்கள். விடியற்காலை பஸ் பிடித்து நகரத்துக்குப் பயிற்சிக்குப் போவாள், மதியம் திரும்பி வந்து பள்ளிக்கூடம், பிறகு அட்டவணையில் எழுதியிருக்கும் குழிக்குப் போய் ஊருக்காக ஆடுவாள், பொழுது சாய்கிறவரை வலப்பக்கம் நிற்கிற ஜனத்தின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு. பதினோரு வயதில் ஒரே வருடத்தில் பத்தொன்பது பந்து தொலைத்தவள், பதினேழு வயதில் தொலைத்தது மூன்றே மூன்று. அந்த மூன்றில் ஒன்று ஸ்காட்லாந்தில் தொலைந்தது.

அதை ஊரால் மன்னிக்கவே முடியவில்லை. அணியோடு போன இடத்தில், கடலோர மைதானமொன்றில், காற்றில் சிக்கி ஒரு பந்து புதருக்குள் போய்க் கிடைக்காமல் போயிருக்கிறது. மறுநாள் அங்கேயும் ஊற்று வந்திருக்க வேண்டும், ஆனால் எப்போதும் மழை பெய்கிற அந்த ஊரில் அதை யார் கவனித்திருப்பார்கள்? "தினமும் நனையிற ஊர்ல போய் நம்ம தண்ணிய விட்டுட்டு வந்திருக்கா" என்று ரொட்டிக் கடையில் சொன்னார்கள். அதைச் சொன்னவள் கெட்டவளில்லை, மூன்று பிள்ளைகளை ஒரே தொட்டித் தண்ணீரில் குளிப்பாட்டுகிறவள். அர்செனியாம்மா மனு ஒன்று எழுதினார், ஹிமேனா வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகாமல் இருப்பது ஊருக்கு நல்லது என்று மரியாதையான வார்த்தைகளில். இருநூற்றுப் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதாவது கையெழுத்துப் போடத் தெரிந்த எல்லோரும். ஃபெர்மின் ஒருவர்தான் போடவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் கோல்ஃப் சம்மேளனத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். ஹிமேனா அமெச்சூர், ஆட்டத்துக்காக எதையும் வாங்கக்கூடாது. ஊரார் அவளுக்குப் பாலாடைக்கட்டியும் பன்றித்தொடையும் கொடுப்பதாகப் புகார் வந்திருக்கிறது என்றார். அர்செனியாம்மா அவரை ஏழாம் குழி ஊற்றுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அதிகாரி குனிந்து கையால் அள்ளிக் குடித்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், பையிலிருந்த விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை நின்ற இடத்திலேயே படித்தார். பன்றித்தொடை கூடாது, தண்ணீரைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை, தவிரவும் தண்ணீரை அவள் வாங்கவில்லை, கொடுக்கிறாள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனார்.

ஹிமேனாவுக்குப் பத்தொன்பது வயதானபோது மழையில்லாமல் மூன்றாம் கோடை வந்தது. ஊரில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஊற்று, பாசிலியோவின் வேலியோரம். அதற்கும் பத்து மாதம் ஆகிவிட்டிருந்தது. அந்தக் கோடையில் அவள் அட்டவணைப்படி ஆட வந்தபோதெல்லாம் பந்து கொடிக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கைகள் கற்றதை அவளால் மறக்கச் செய்ய முடியவில்லை. வலப்பக்க வரிசையில் இப்போது பெருமூச்சுகூட வருவதில்லை, ஒவ்வொருவராகக் கேனை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவள் ஐந்தாம் குழியின் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஃபெர்மின் உருளையை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கால் வலிக்குதா?"

"இல்லப்பா."

"பின்ன?"

"தூங்கி எந்திரிச்சா அலுப்பா இருக்கு. தூங்குறதே அலுப்பா இருக்கு." அவள் மட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "நல்லா அடிச்சா இவங்களுக்குத் தாகம். தப்பா அடிச்சா எனக்கு நெஞ்சு வலிக்குது. ஒரே ஒரு நாள், யாருக்கும் ஒண்ணும் ஆகாத மாதிரி ஒரு பந்து அடிக்கணும்ப்பா."

ஃபெர்மினும் களைத்திருந்தார், பத்தொன்பது வருடமாக மணலை உருட்டி அவர் முதுகு உருளையின் கைப்பிடிக்குத் தகுந்தபடி வளைந்திருந்தது. மெதுவாகக் கேட்டார்: "அமெரிக்காவிலேர்ந்து வந்தாங்களே அந்தம்மா, அவங்க கேட்டதுக்கு என்ன சொன்ன?"

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பெண்மணி அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். செப்டம்பரில் நடக்கும் தேசிய அமெச்சூர் போட்டியில் அவள் ஜெயித்தால், நாலு வருடம் அங்கே தங்கிப் படிக்கவும் ஆடவும் இடம் உண்டு. தோற்றால் அந்த இடம் வேறொருத்திக்கு.

"ஜெயிச்சா பாக்கலாம்னேன்."

"ஊருக்குத் தெரியுமா?"

"ரொட்டிக் கடைக்குத் தெரியும்."

அப்படியென்றால் ஊருக்குத் தெரியும்.

செப்டம்பரில், கந்தாப்ரியா கடலோரத்தில் பைன் மரங்களுக்கு நடுவே இருந்த மைதானத்தில், ஆறு நாளில் ஐந்து பேரைத் தோற்கடித்து ஹிமேனா இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது, தொர்ரேபார்தாவிலிருந்து ஒரு பஸ் கிளம்பியது. அர்செனியாம்மா, பாதிரியார், மருந்துக்கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரி, பாசிலியோ, இன்னும் முப்பது பேர். எதற்குப் போகிறோம் என்று பஸ்ஸில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் பாசிலியோவின் வேலியோர ஊற்று ஈரமாகி, மறுநாள் அதுவும் போயிருந்தது. அவன் பன்றிகளில் பாதியை விற்றாகிவிட்டது, மீதிப் பாதி லாரி வரும் திசையைப் பார்த்தபடி நாளெல்லாம் நின்றன. கடலோரத்தில் தொலைகிற பந்து கடலோரத்துக்குத்தான் தண்ணீர் தரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் தோற்றால் வீட்டுக்கு வருவாள். வீட்டில் இருந்தால் என்றைக்காவது ஒரு பந்து கோணும். இவ்வளவுதான் கணக்கு. அது நல்ல கணக்கில்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருந்ததால் வழி நெடுக ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மைதானத்துக்கு வந்தவர்கள் பழக்கத்தில் வலப்பக்கமே போய் நின்றார்கள். சிலர் கையில், ஏனென்று தெரியாமல், காலிக் கேன் இருந்தது. ஹிமேனாவோடு ஆடியவள் பார்சிலோனாக்காரி, உயரமானவள், சிரித்த முகம். பதினேழு குழி முடிந்தபோது இரண்டு பேரும் சமமாக இருந்தார்கள். கடைசிக் குழியான பதினெட்டாவதில் பார்சிலோனாக்காரியின் பந்து நடுவில், பத்திரமான இடத்தில் விழுந்தது. ஹிமேனா நின்றாள். வலப்பக்கம் திரும்பி அந்த முகங்களை ஒரு முறை பார்த்தாள், ஒவ்வொன்றும் அவளுக்கு அத்திப்பழம் கொடுத்த முகம். பிறகு, நேராகப் போக வேண்டும் என்று மனதார நினைத்துத்தான், அடித்தாள்.

பந்து கோணியது. எட்டு வருடத்துக்கு முன்னால் கோணியது போலவே, அகலமாக, அவசரமில்லாமல் வலப்பக்கம் திரும்பிப் பைன் மரங்களுக்குள் போனது. யாரும் கைதட்டவில்லை.

தேடுவதற்கு மூன்று நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. தண்டனையாகக் கணக்கில் ஒரு அடி கூடும், திரும்பப் பழைய இடத்திலிருந்து ஆட வேண்டும், அதோடு ஆட்டம் போனது போலத்தான். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். தொர்ரேபார்தாவின் முப்பத்தைந்து பேரும் மரங்களுக்கு நடுவே இறங்கி, தங்களுக்குப் பழகிய மாதிரி, குனிந்து, கீழே பார்க்காமல் தேடத் தொடங்கினார்கள். மகளோடு முன்பே வந்திருந்த ஃபெர்மின் மட்டும் மண்டியிட்டுக் கைகளால் துழாவினார். காய்ந்த ஊசியிலைகள் கணுக்கால் ஆழம் கிடந்தன. ஒரு நிமிடம் போனது.

பாசிலியோ ஓரடி பின்னால் வைத்தபோது அவன் பூட்ஸின் கீழே, உள்ளங்காலின் நடுவில், உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது.

அவன் அசையவில்லை. அப்படியே நிற்க அவனுக்குத் தெரியும். பன்றி ஈனும்போது மணிக்கணக்கில் அசையாமல் நின்றவன். இரண்டாம் நிமிடம் போனது. பக்கத்தில் நின்ற அர்செனியாம்மா அவன் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கேனை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பாசிலியோ பன்றிகளை நினைத்தான். பிறகு நிமிர்ந்து ஹிமேனாவைத் தேடினான்.

அவள் தேடிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும்தான், அந்த முப்பத்தைந்து பேருக்கு நடுவில், அப்பாவைப் போலவே நிஜமாகக் கீழே பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். ஊசியிலைகளை மட்டையால் தள்ளித் தள்ளி, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து, பத்தொன்பது வயதில் நாற்பது வயதுக்காரியின் தோள்களோடு. இத்தனை வருடம் அவள் தேடும்போதெல்லாம் அவன் வானத்தைப் பார்த்திருக்கிறான். அவள் தேடுகிற முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தான்.

"இங்க கெடக்கு" என்றான் பாசிலியோ.

கையை உயர்த்தி மறுபடி சொன்னான். "ஏ புள்ள, இங்க. என் காலுக்குக் கீழ. மிதிச்சுப்புட்டேன்."

நடுவர் வந்து குனிந்து பார்த்தார். தேடும்போது மிதிபட்டால் தண்டனையில்லை, எடுத்து அதே இடத்தில் வைத்து ஆடலாம் என்றார். ஹிமேனா வந்தாள். பாசிலியோ காலை எடுத்தான். அவள் பந்தைப் பார்க்காமல் அவனைத்தான் முதலில் பார்த்தாள்.

"மாமா, எவ்வளவு நேரமா..."

"பேசாம அடிம்மா" என்றான் அவன். "நேரம் போகுது."

இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. அவள் அதன் வழியே அடித்தாள். பந்து கொடிக்கு இரண்டு முழத்தில் போய் நின்றது. தொர்ரேபார்தா ஜனங்களுக்கு அந்த மாதிரி அடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாதிரியார் தட்ட ஆரம்பித்தார், ரொட்டிக் கடைக்காரி கேனைத் தரையில் வைத்துவிட்டுத் தட்டினாள், எல்லோரும் தட்டினார்கள். பார்சிலோனாக்காரி ஒரு அடி அதிகம் எடுத்தாள். ஹிமேனா ஜெயித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒருவர் எழுந்து பாசிலியோவிடம், உனக்கென்ன, பாதிப் பன்றியை விற்றாகிவிட்டது, எங்கள் கோழிகளுக்கு யார் பதில் சொல்வது என்று சண்டைக்கு வந்தார். பாசிலியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அர்செனியாம்மாதான், "உக்காருங்க, அந்தக் காலு என் காலா இருந்தாலும் எடுத்திருப்பேன்" என்றார். எடுத்திருப்பாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. அவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக நகராட்சிக் கதவில் இருந்த அட்டவணையைக் கிழித்தார். பசை காய்ந்து கதவோடு ஒட்டிப்போயிருந்ததால் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க ஒரு பகல் முழுக்கப் பிடித்தது.

ஹிமேனா அமெரிக்கா போனாள். மழைக்காலம் வந்தது, மழை வரவில்லை. இருந்த ஆடுகள் குறைந்தன, இரண்டு குடும்பங்கள் நகரத்துக்குப் போயின, பாசிலியோ மீதிப் பன்றிகளையும் விற்றுவிட்டு நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்தான். லாரி பழையபடி செவ்வாயும் வெள்ளியும் வந்தது. சதுக்கத்தில் வெயிலில் வரிசை நின்றது, கேன்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஆட்களுக்கு முன்னால். விடுமுறை நாளில் பாசிலியோவும் வந்து நிற்பான்.

ஹிமேனா ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஃபெர்மினுக்கு ஃபோன் செய்வாள், அதனால் அவர் வரிசைக்கு வந்து சேரும்போதே முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

"பேசினாளா?" என்று கேட்டாள் ரொட்டிக் கடைக்காரி.

"பேசினா. மூணு நாள் ஆட்டம், நேத்து முடிஞ்சுதாம்."

"தூங்குறாளாமா?"

"தூங்குறேன்னு சொன்னா. ஒம்போது மணிவரைக்கும் தூங்குறாளாம்."

"மூணு நாள்ல," என்று பாசிலியோ கேட்டான், முன்னால் பார்த்தபடியே, "எத்தன பந்து தொலைச்சா?"

வரிசை காத்திருந்தது.

"ஒண்ணுகூட இல்ல" என்றார் ஃபெர்மின்.

"நல்லது" என்றான் பாசிலியோ. அவனுக்கு முன்னால் நின்றவரும் "நல்லது" என்றார், அவருக்கு முன்னால் நின்றவளும் சொன்னாள், லாரியின் குழாய்வரைக்கும் அந்த வார்த்தை ஒவ்வொருவராகப் போனது. பிறகு எல்லோரும் தங்கள் காலிக் கேன்களைக் காலால் ஓரடி முன்னால் நகர்த்தினார்கள்.